அத்தானின் இடுப்புப் படை

"படைக்கு மருந்து போட்டேன், நாலே நாளில் சரியாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நாலு நாளில் அரிப்புதான் நிற்கும். படை எங்கும் போகாது. தோலுக்குள் உட்கார்ந்துகொண்டு, இவன் எப்போது டப்பாவைத் தூக்கி எறிவான் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். தென்காசியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த காலத்தில் இதை எத்தனை பேரிடம் தொண்டை வறளச் சொல்லியிருப்பேன்! தலையைத் தலையை ஆட்டுவார்கள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் டப்பா கூரையில் செருகிக் கிடக்கும்.

அவர்களையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னைப் பைத்தியமாக அடித்தவர் என் சொந்த அத்தான், என் அக்காள் புருஷன். அவர் கதையைச் சொன்னால் என் கதையையும் சொல்ல வேண்டிவரும் என்பதால்தான் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன்.

இரண்டாவது யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி என்று நினைவு. டாக்டரின் ஆஸ்பத்திரி என்பது தெருவைப் பார்த்த இரண்டு அறைகள். முன்னறையில் அவர், பின்னறையில் நானும் ஜாடிகளும். படைக்கு நாங்கள் கொடுத்தது ஒரே களிம்பு. சாலிசிலிக் அமிலம் ஒரு பங்கு, பென்சாயிக் அமிலம் இரண்டு பங்கு. இரண்டையும் கல்வத்தில் மாவாக அரைத்து, பீங்கான் பலகையில் வாஸ்லினோடு சேர்த்து, மழுங்கல் கத்தியால் இழுத்து இழுத்துக் குழைக்க வேண்டும். விரலில் நறநறவென்று ஒரு துணுக்கு பட்டாலும் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. சாரல் பிடித்துவிட்டால் ஊரில் பாதிப் பேருக்குப் படை வந்துவிடும். ஆனியிலிருந்து ஆவணி வரை எனக்கு வேறு வேலையே கிடையாது.

அத்தான் குற்றாலத்தில் ஒரு சைவ மடத்தில் தவசுப்பிள்ளையாக இருந்தார். எங்கள் பக்கத்தில் மடத்திலும் கல்யாண வீட்டிலும் சைவச் சமையல் செய்கிறவரை அப்படித்தான் சொல்வோம். சீசனில் அருவிக்கு வருகிற குடும்பங்கள் அந்த மடத்தில் தங்கும். இரண்டு வேளையும் பந்தி நடக்கும். மடத்துக்குப் பின்னால் தவசுப்பிள்ளைக்கென்று ஓர் ஓட்டு வீடு விட்டிருந்தார்கள். அக்காளும் இரண்டு பெண் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். வேலை இருக்கிறவரைதான் வீடு. மேலில் சொறி சிரங்கு உள்ளவன் மடத்து அடுக்களையில் கால் வைக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

ஆனிக் கடைசியில் ஒரு நாள் காலையில் அத்தான் சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கல்யாணத்தன்றுகூடச் சட்டை போடாத மனுஷன். நேரே பின்னறைக்குள் நுழைந்தார்.

"மாப்ளே, கதவச் சாத்தும்."

சாத்தினேன். சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடது இடுப்பில், அரைஞாண் கயிறு கிடக்கிற இடத்தில், வளையல் வளையலாக மூன்று வட்டங்கள். ஓரம் சிவந்து பொரிப் பொரியாக இருந்தது. நடுவில் மட்டும் தோல் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பு அவரைக் கதிகலங்க அடித்திருந்தது.

"குட்டமா இருக்குமோவே?" என்றார். குஷ்டத்தைத்தான் சொன்னார்.

"படை அத்தான். வெறும் படை. இதுக்குப் போயி..."

"உமக்குப் படை. மணியம் பாத்தா என்னம்பாரு? வீட்டக் காலி பண்ணும்பாரு. உம்ம அக்காவையும் ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு நான் எங்கன போவேன், சொல்லும்."

மணியம் என்றால் மடத்தின் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர். அடுக்களைக்கு ஆள் வைப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருந்தது. தவசுப்பிள்ளை இடுப்புக்கு மேலே துணி இல்லாமல்தான் அடுப்படியில் நிற்க வேண்டும். வட்டம் இன்னும் இரண்டு விரற்கடை மேலே ஏறினால் வேட்டிக்கு வெளியே வந்துவிடும். சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

டாக்டர் மதராஸ் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். வெளுத்த இடத்தில் பஞ்சால் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். அத்தான் கூச்சத்தில் நெளிந்தார். "குட்டம் இல்லை, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, வட்டத்தின் ஓரத்தை மழுங்கல் கத்தியால் சுரண்டிச் செதிலைக் கண்ணாடிச் சில்லில் எடுத்தார். அதன்மேல் பொட்டாஷ் நீர் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பாருய்யா, இதுதான் உன் அத்தானோட சம்பந்தி" என்றார்.

அதுவரை நான் எத்தனையோ டப்பா களிம்பு குழைத்திருந்தேன். எதைக் கொல்லக் குழைக்கிறேன் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கரைந்த தோலுக்கு நடுவே மெல்லிய நூல்கள் கிளை விட்டு ஓடின, பழைய செங்கல் சுவரில் ஆலவேர் ஓடுகிற மாதிரி. ஒவ்வொரு நூலும் மூங்கில் கணுப்போல அறை அறையாகத் தடுத்திருந்தது. அந்த அறை ஒவ்வொன்றும் ஒரு செல் என்றார் டாக்டர். வெளியே கெட்டியான ஒரு சுவர், உள்ளே மெல்லிய சவ்வு, சவ்வுக்குள் உயிர். இதுவும் காளான்தான், நம் தோலின் மேலடுக்கு செத்த அடுக்கு, அதைக் கரைத்துக் கரைத்துத் தின்று வட்டமாகப் பரவும், தின்று முடித்த நடுப்பகுதி வெளுத்துவிடும். இவ்வளவுதான் விஷயம். குட்டமும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை.

மருந்து என்ன செய்கிறது என்பதையும் அவர் சொன்னார். களிம்பில் இருக்கிற சாலிசிலிக் அமிலம் காளானை நேராகத் தொடுவதில்லை. அது குடியிருக்கிற செத்த தோலை உரித்துத் தள்ளும். பென்சாயிக் அமிலம் சுவரையும் சவ்வையும் கடந்து செல்லுக்குள் போய் உள்ளே புளிப்பை ஏற்றும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளுவதற்கே செல் தன் பலத்தையெல்லாம் செலவழிக்க வேண்டிவரும். வளர வலு இருக்காது. அப்படியே நின்றுவிடும்.

"நிக்கும்யா, சாகாது. அதை மனசுல வச்சுக்கோ. மேல்தோல் முழுசும் உரிஞ்சு புதுத்தோல் வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் விடாமப் போடணும், இடுப்பு காய்ஞ்சு இருக்கணும். ஈரம் பட்டா நின்னது எழுந்து நடக்கும்" என்றார்.

நான் இதை அத்தானுக்குப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவர் டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்ன கொழுப்புவே? பன்னி கின்னி இல்லையே?" என்று கேட்டார்.

"பூமிக்குள்ள இருந்து எடுக்கது அத்தான். மண்ணெண்ணெய்க்குத் தம்பி."

"அப்பம் சரி" என்று மடியில் முடிந்துகொண்டார். அந்த அரைஞாண் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், அதில் ஈரம் தங்குகிறது என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "ஆம்பளைக்கு அரணாக் கயித்த அறுக்கது எப்பம்னு தெரியுமா உமக்கு? உசுரோட நிக்கும்போதே அறுக்கச் சொல்லுதீரே" என்றார். கயிற்றுப் பேச்சை அதோடு விட்டேன்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். மூன்று வட்டம் ஐந்தாகி, ஒன்று முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. டப்பாவில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"நாலு நாள்ல நின்னு போச்சு மாப்ளே. எதுக்கு வீணாக்கணும்னு..."

சிவ சிவா! தலையில் அடித்துக்கொண்டேன். "அரிப்புதான் நின்னுது அத்தான், சனியன் நிக்கல. மருந்து பட்டதும் அது அசையாமக் கிடக்கும், நீங்க போயிட்டுன்னு நெனச்சு விட்டுட்டீங்க" என்று கத்தினேன். முன்னறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பாவம்போல நின்றார். இனிமேல் ஒரு நாள்கூட விடமாட்டேன் என்று சுவாமி மேல் ஆணை வைத்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு அவர் விடவும் இல்லை. காலையும் மாலையும் தவறாமல் தடவினார். படையும் தவறாமல் வளர்ந்தது.

எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். களிம்பில் பங்கு தப்பிவிட்டதா என்று மூன்று தடவை புதிதாக நிறுத்துக் குழைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பி, மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு நடந்தேன். மடத்து வாசலில் போய் நின்றதும் எல்லாம் விளங்கிவிட்டது.

அத்தான் அருவியிலிருந்து வந்துகொண்டிருந்தார். தலை, மார்பு, வேட்டி எல்லாம் சொட்டச் சொட்ட. முன்வாசலில் நாற்காலி போட்டு மணியம் உட்கார்ந்திருந்தார். அத்தான் அவர் முன்னால் ஒரு கணம் நின்றார். வேட்டி நுனியிலிருந்து கல்லில் தண்ணீர் சொட்டியது. மணியம் தலையை அசைத்தார். அத்தான் அப்படியே, பிழியாமல், அடுக்களைக்குள் போனார். அதுதான் அங்கே மடி. சொட்டினால் குளித்த ஆள், சுத்தமான ஆள். அந்த வேட்டி அடுப்பனலில் உடம்பிலேயே உலர வேண்டும். முன்பக்கம் மத்தியானத்துக்குள் உலர்ந்துவிடும். இடுப்பு மடிப்பும் அரைஞாண் கயிறும் சாயங்காலம் வரை நொதநொதவென்று கிடக்கும். அதற்குள் அந்திக் குளிப்பு வந்துவிடும். மறுபடியும் சொட்டச் சொட்ட.

தெரியாமல்தான் கேட்கிறேன், இதற்கு நான் எத்தனை டப்பா குழைத்து என்ன பிரயோஜனம்?

பின்கட்டு வீட்டில் அக்காளை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். "உலந்த வேட்டி கட்டிட்டுச் சமைச்சா சோறு வேகாதா? மடின்னா கொடியில யாரும் தொடாம உலத்தின வேட்டியும் மடிதானே!"

"கொடியில எங்கனவே உலருது?" என்றார் அத்தான். "பத்து நாளாச் சாரல். நேத்துப் போட்டது இன்னைக்குப் பிழிஞ்சா தண்ணி வருது. அதுவும் போக, உலந்த துணியோட போனா மணியம் 'குளிச்சீரா ஓய்'னு கேப்பாரு. ஈரம்தான் மாப்ளே எனக்குச் சாட்சி."

"ஏலே, நீ டாக்டரா கம்பவுண்டரா?" என்றாள் அக்காள், என் கத்தலைக் குறைக்க. பிறகு அவளே வழியும் சொன்னாள். முன்வாசல் வழியாக ஈரத்தோடு போய் மணியத்தின் கண்ணில் பட்டுக்கொள்வது, அடுக்களைக்குப் பின்னால் ஒதுங்கி உலர்ந்த வேட்டிக்கு மாறிக்கொள்வது, உலர்ந்த வேட்டிக்கு அடுப்புக்கு மேலே அத்தானே ஒரு மூங்கில் கட்டி அதில் போட்டுக்கொள்வது. கொண்டவனைவிட அவளுக்கு மூளை உண்டு.

இது ஒரு வாரம் நடந்தது. ஒரே வாரத்தில் வட்டங்களின் ஓரம் தணிந்து, செதில் உதிர ஆரம்பித்தது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளாத குறை. அப்புறம் ஆடி அமாவாசை வந்தது. அருவியில் எள் விழ இடமில்லாத கூட்டம். மடத்தில் பந்திக்குமேல் பந்தி. மாற்றிக்கொள்ள நேரம் ஏது? மூன்று நாள் ஈரத்திலேயே நின்றார். நாலாம் நாள் தென்காசிக்கு வந்து சட்டையைத் தூக்கியபோது முதுகுப் பக்கத்து வட்டம் வேட்டி விளிம்பைத் தொட்டிருந்தது. ஒரு விரல் மேலே போனால் மணியம் கண்ணில் படும்.

நான் டாக்டரிடம் போய் நின்றேன். கோவா பவுடர் கொடுங்கள் என்று கேட்டேன். அது ஒரு மஞ்சள் தூள். வாஸ்லினில் குழைத்துப் போட்டால் எப்பேர்ப்பட்ட படையும் ஓடும். தோலுக்குள் போய்க் காளான் செல்லின் மூச்சையே கெடுத்துவிடும் என்பார் டாக்டர். ஆனால் பக்கத்துத் தோலையும் சும்மா விடாது, காந்தும், சிவந்து வீங்கும். அதனால் அவர் லேசில் எடுக்கமாட்டார். நான் விடாமல் கெஞ்சினேன். அரை மனதோடு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார்.

"ஒண்ணு, மெல்லிசாத் தடவணும், கண்ணுக்குக் கை போகக் கூடாது. ரெண்டு, இது துணில பட்டா கறை. சோப்புக் காரம் இருக்கிற துணியில பட்டா ரத்தம் மாதிரி செவந்துடும். பழந்துணி ஒண்ணை உள்ளே சுத்திக்கச் சொல்லு, வெள்ளை வேட்டில படவே கூடாது. மறக்காமச் சொல்லு."

மறக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு மறதி கிடையாது.

களிம்பைக் குழைத்துக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்திருந்த அத்தானிடம் கொடுத்தேன். மெல்லிசாகத் தடவ வேண்டும், கண்ணில் படக் கூடாது என்று முதலாவதைச் சொன்னேன். இரண்டாவதற்கு வாயெடுக்கும்போது அவர் டப்பாவைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இதாவது கேக்குமா, இல்ல இதுவும் அந்த மாதிரித்தானா?" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. என் மருந்தையா? ஈரத்தில் ஊறிக்கொண்டு நின்றது நீங்களா நானா? "கேக்காது அத்தான். ஒங்களுக்கு எதுவும் கேக்காது. போட்டாப் போடுங்க, போடாட்டி அருவியில எறிங்க" என்று டப்பாவை அவர் கையில் அடித்து வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டேன். அவர் கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு டப்பாவை மடியில் முடிந்துகொண்டு போனார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். தெருமுனை வரைதான் போயிருப்பார். அடுத்த தடவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மனசு கேட்காமல் குற்றாலத்துக்குப் போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. என்னையும் உட்காரச் சொன்னார்கள், நான் தூணோரம் நின்றேன். அத்தான் பாயச வாளியோடு வந்தார். உலர்ந்த வெள்ளை வேட்டி. என் வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுப்புக்கு மேலே போட்டு உலர்த்தியதில் வேட்டி புகையடித்துப் பழுத்துவிட்டதாம். அதனால் அந்த வாரம் சவக்காரச் சோப்புப் போட்டு வெளுத்திருக்கிறார். ஆற அமர அலச நேரம் இருந்திருக்காது.

அவர் குனிந்து இலையில் பாயசம் விட்டுத் திரும்பினார். முதுகுப் பக்கம், இடுப்பில், உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று கறை. ஓரத்தில் ஊதா. அவருக்கு அது தெரிய வழியில்லை. அடுத்த இலைக்குக் குனிந்தார்.

"தவசுப்பிள்ள, இடுப்புல என்ன ரத்தம்?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. பந்தியில் கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

மணியம் வந்தார். "திரும்பும் ஓய்." அத்தான் திரும்பினார். மணியம் வேட்டி விளிம்பை ஒரு விரலால் தாழ்த்தினார். கோவா பவுடர் பட்ட தோல் அவிந்ததுபோலக் கருஞ்சிவப்பாக இருந்தது, அதன் நடுவில் வட்டங்கள். யாரோ ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள்.

"இது மருந்துக் கறை! மருந்து! ரத்தம் இல்ல, ஒட்டுற நோயும் இல்ல, டாக்டர் கொடுத்தது!" என்று நான் கத்தினேன். பாதி பொய். படை ஒட்டும். ஆனால் அன்றைக்கு நான் எதைக் கத்தினாலும் காதில் வாங்க ஆளில்லை. அத்தான் வாளியை மெதுவாகத் தரையில் வைத்தார், பாயசம் சிந்தாமல். மணியம் வையவில்லை. "நாளைக்கு வீட்ட ஒழிச்சுக் குடுத்திரும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒரு மாட்டு வண்டியில் அக்காளும் அத்தானும் பிள்ளைகளும் பாத்திரங்களோடு தென்காசிக்கு வந்து, நான் ஒற்றையாளாக இருந்த வாடகை வீட்டில் இறங்கினார்கள். அக்காள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்தப் பாயசத்த ஒருத்தரும் குடிக்கலியாம்லே. ஒன் அத்தான் அதையேதான் சொல்லிட்டு இருக்காவ" என்றாள்.

அத்தான் பழைய களிம்பைத்தான் போட்டார். காலையும் மாலையும், ஒரு வேளை தப்பாமல். அடுப்படி இல்லை, அருவி இல்லை, மணியத்தின் கண் இல்லை. குளித்ததும் துவட்டிக்கொண்டு உலர்ந்த வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆவணி பிறந்து சில நாளில் மேல்தோல் உரிந்தது. மாசக் கடைசியில் புதுத்தோல் வந்துவிட்டது. டாக்டர் மூன்று இடத்தில் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தேடினார். என்னையும் தேடச் சொன்னார். ஒரு நூல்கூட இல்லை.

இதில் எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? வேலை இருந்தவரை படை போகவில்லை. வேலை போனதும் படை போய்விட்டது. என் களிம்பு குணப்படுத்தியதா, மணியம் குணப்படுத்தினாரா? இன்றைக்கு மருந்துக்கடையில் புதுப்புது மருந்துகள் கிடைக்கின்றன. காளான் செல்லின் சவ்வில் நம் உடம்பில் இல்லாத ஒரு கொழுப்பு உண்டாம். இந்த மருந்து அதை உருவாகவிடாமல் தடுத்துவிடுமாம். சவ்வு ஓட்டையாகி உள்ளே இருப்பது கசிந்து செல் செத்தே போகுமாம். படித்தபோது நல்ல மருந்து என்று தோன்றியது. அதைப் போட்டுக்கொண்டும் ஜனங்கள் ஈரத் துணியோடு நிற்பார்கள் என்றும் தோன்றியது. நாலாம் நாள் நிறுத்திவிடவும் செய்வார்கள்.

டாக்டர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இவருக்கு வந்தது சாதாரணப் படை, குட்டமல்ல, இப்போது பூரண குணம், துணியில் இருந்தது மருந்தின் நிறம் என்று தமிழிலேயே தெளிவாக எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டு நானும் அத்தானும் குற்றாலத்துக்குப் போனோம். அவர் புது வேட்டி கட்டி, சட்டையும் போட்டிருந்தார்.

மணியம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். உட்காரச் சொன்னார். "நான் நம்புதேன் ஓய். டாக்டர் பொய் எழுத மாட்டாரு. ஆனா பந்தியில இருந்து எந்திரிச்சவங்க ஊர் ஊராப் போயில்லா சொல்லியிருப்பாவ. அவுகளுக்கெல்லாம் இந்த லெட்டர நான் எங்கன கொண்டு காட்ட?" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது புதுத் தவசுப்பிள்ளை அருவியிலிருந்து வந்து எதிரில் நின்றார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மணியம் தலையை அசைத்தார். அவர் உள்ளே போனார்.

திரும்பி நடந்தோம். மேலகரத்துக்கு இந்தப் பக்கம் ஆளில்லாத இடத்தில் அத்தான் நின்று, சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார்.

"சுத்தமாப் போயிட்டுல்லா, மாப்ளே?"

"போயிட்டு அத்தான்."

சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். மறுபடி நடந்தோம். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த மஞ்ச மருந்து வேட்டியில இப்பிடிச் செவக்கும்னு உமக்கும் தெரியாதுல்லா?"

"தெரியாது அத்தான்" என்றேன்.

"அதான பாத்தேன். உம்ம அக்காட்டயும் அதான் சொன்னேன். தெரிஞ்சா என் மாப்ள சொல்லாம விடுவாரான்னேன்" என்றார். என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்.